புதன்கிழமை கிரானைட் வருகிறது, தூக்கம் போய்விட்டது

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 11 வருடம் வாடகை வீட்டில் சமைத்துவிட்டு இப்போதுதான் சொந்தமாக ஒரு சமையல் மேடை அமைகிறது. கல்லை நீங்களே யார்டுக்குப் போய்த் தேர்ந்தெடுத்தீர்கள். முன்பணம் கொடுத்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. கல் விரிசல் விட்டால்? வீட்டுக்கு வந்த பிறகு நிறம் பிடிக்காமல் போனால்? சிங்க் ஓட்டையைத் தப்பாக வெட்டிவிட்டால்? வீட்டில் சொன்னால் "ஒரு கல்லுக்கா இவ்வளவு" என்கிறார்கள். கிரானைட் நல்லதா கெட்டதா என்று நீங்கள் எங்கேயும் கேட்கவில்லை. ஒருமுறை வைத்துவிட்டால் மாற்ற முடியாத ஒரு காரியத்தை எப்படிப் பதறாமல் கடந்து போவது என்று கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் கல்லூரியில் படித்தது ஜியாலஜி. படிப்பு முடிந்ததும் ஓசூரில் மாமாவின் கிரானைட் பட்டறையில் சேர்ந்தேன். 19 வருடமாக வீடுகளுக்குக் கல் அறுத்துப் பதித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதற்றத்தை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். அது அர்த்தமில்லாத பயம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சுவர் நிறம் பிடிக்கவில்லை என்றால் மறுபடி அடிக்கலாம். சோபா பிடிக்கவில்லை என்றால் விற்கலாம். கல் அப்படி இல்லை என்பது உங்கள் மனதுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். தினமும் மூன்று வேளை கை படுகிற இடத்துக்குக் கவலைப்படுவது நியாயமானதுதான்.

ஆனால் அந்தக் கவலை தப்பான நாளில் உட்கார்ந்திருக்கிறது. கல்லை வைக்கும் நாளை நினைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள். கல் வேலையில் திரும்பி வர முடியாத நேரம் பிளேடு கல்லில் இறங்கும் நேரம்தான். வைக்கும்போது ஏற்படுகிற பெரும்பாலான குறைகளைச் சரிசெய்துவிடலாம். மட்டம் சரியில்லை என்றால் பசை காய்வதற்குள் தூக்கி மறுபடி வைக்கலாம். முனையில் சில்லு தெறித்தால் அதே கல்லின் பொடியை எபாக்ஸிப் பசையில் குழைத்து அடைத்துப் பாலிஷ் பிடிக்கலாம், அருகில் போய்த் தேடினால்தான் தெரியும். சிறிதாக வெட்டிய ஓட்டையைப் பெரிதாக்கலாம். பெரிதாக வெட்டியதைச் சிறிதாக்க வழியே இல்லை. ஆகவே உங்களிடம் இருக்கும் பதற்றம் முழுவதையும் வெட்டுவதற்கு முந்தைய நாட்களில் செலவழித்துவிடுங்கள். அங்கே அதற்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது.

முதல் வேலை, பழைய செய்தித்தாள்களை ஒட்டி உங்கள் மேடையின் முழு அளவுக்கு ஒரு தாள் செய்யுங்கள். அதை கேபினெட் மேலேயோ செங்கல் சுவர் மேலேயோ விரித்து, சிங்க், அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர்க் குடம் எது எங்கே என்று ஸ்கெட்ச் பேனாவால் வரையுங்கள். பிறகு அதன் முன்னால் நின்று, சமைப்பது போலவே ஒருமுறை செய்து பாருங்கள். அரிசி களைந்து அடுப்பில் வைப்பது, காய் நறுக்குவது, குக்கரை இறக்கி வைப்பது, பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது. பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று விஷயம் இடிக்கும். சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவில் நறுக்குவதற்கு இடம் போதவில்லை என்பது அடிக்கடி தெரியவரும். ஜன்னல் கதவு உள்பக்கம் திறந்தால் குழாயில் மோதும் என்பதும் தெரியும். இதைப் படத்தில் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். இப்படி நின்று பார்த்தவர்கள் அன்றிரவு கொஞ்சம் தூங்கினார்கள் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். மனதில் சுற்றிக்கொண்டிருந்தது காகிதத்தில் இறங்கிவிடுகிறது, அதனால் இருக்கலாம்.

அப்போதே உயரத்தையும் பார்த்துவிடுங்கள். பொதுவாகத் தரையிலிருந்து 32 முதல் 34 அங்குலம் வைக்கிறார்கள். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள், அந்த முழங்கையிலிருந்து சுமார் 4 அங்குலம் கீழே மேடை இருந்தால் நறுக்கவும் பிசையவும் தோள் வலிக்காது. மேலே வைக்கிற கேஸ் அடுப்பு என்றால் அதன் உயரமும் சேரும், குள்ளமானவர்களுக்குக் குக்கருக்குள் எட்டிப் பார்க்க முடியாமல் போகும். உயரத்தைக் கணக்கிடும்போது கல்லின் தடிமனையும், இனிமேல் தரையில் ஒட்டப்போகிற டைல்ஸின் தடிமனையும் விட்டுவிடாதீர்கள். இந்த இரண்டும் விட்டுப்போய் ஒரு அங்குலம் மாறிய வீடுகள் பல உண்டு.

இரண்டாவது வேலை, சிங்க், ஹாப் அடுப்பு (கல்லில் ஓட்டை போட்டுப் பதிக்கும் அடுப்பு), குழாய் மூன்றும் கல்லை வெட்டுவதற்கு முன் வீட்டில் இருக்க வேண்டும். கேட்லாக் அளவை வைத்து வெட்ட விடாதீர்கள். பொருளையே கல் மேல் கவிழ்த்து வைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். குழாய் சுவரிலிருந்து வருவதா, கல்லிலிருந்து எழும்புவதா என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். கல்லில் நிற்கும் ஒற்றைக் குழாய்க்குப் பெரும்பாலும் 35 மி.மீ. துளை போடுவார்கள், ஆனாலும் உங்கள் குழாயை வைத்துத்தான் அளக்க வேண்டும். தண்ணீர் சுத்திகரிப்பான் குழாய், மிக்ஸிக்கு வயர் வர வழி, இவற்றையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்.

இதில் என் வேலையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலம் 10:30க்குத் தொடங்கும், அதற்குள் கல்லை ஏற்றிவிட வேண்டும் என்று வீட்டில் அவசரம். நாங்களும் சரி என்று சிங்க் துளையையும் குழாய் துளையையும் வேகமாக முடித்தோம். ஜன்னல் கதவைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மதியம் குழாயைப் பொருத்திய பிறகு பார்த்தால் ஜன்னல் பாதிதான் திறந்தது. கடைசியில் உயரம் குறைந்த வேறு குழாய் வாங்க வேண்டியதாயிற்று. அந்தத் தவறு என்னுடையது, இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நேரம் பார்ப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நல்ல நேரத்தில் ஒரு துண்டுக் கல்லைத் தொட்டு வைத்து மஞ்சள் குங்குமம் இட்டுவிட்டால் காரியம் தொடங்கியதாகிவிடும். அதற்குப் பிறகு வெட்டுகிறவரை யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

இனி விரிசல். உங்கள் கேள்வியில் அதிகப் பயம் தெரிவது இங்கேதான். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாறைகளுக்கு ஏறக்குறைய 250 கோடி வருட வயது. அவ்வளவு காலத்தில் பாறைக்குள் பலமுறை மெல்லிய கோடுகள் விழுந்து, அவற்றில் வேறு தாதுக்கள் நிரம்பி ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் விரிசல் போலவே இருக்கும். நகத்தைக் கோட்டின் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் எங்கேயும் தடுக்காமல் வழுக்கிப் போனால் பெரும்பாலும் அது இயற்கைக் கோடு. ஒரு பக்கம் உயர்ந்து நகம் மாட்டினால், அல்லது அந்தக் கோடு அடிப்பக்கத்திலும் அதே இடத்தில் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு நாணயத்தால் அங்கங்கே தட்டியும் பார்க்கலாம். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், உடைப்பு இருக்கும் இடத்தில் சத்தம் மந்தமாகும். நகச் சோதனையை நான் நம்புகிறேன். தட்டிப் பார்ப்பது காது பழகியவர்களுக்குத்தான் சரியாக வரும், அதை மட்டும் வைத்து ஒரு கல்லை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் பலகை இவ்வளவு தூரம் வந்ததே ஒரு சோதனைதான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். குவாரியில் வயர் ரம்பத்தால் அறுபட்டு, தொழிற்சாலையில் பலகை பலகையாக அறுபட்டு, பாலிஷ் மிஷினின் அழுத்தத்தைத் தாங்கி, லாரியில் குலுங்கி வந்திருக்கிறது. பெரிய பலவீனம் உள்ள கல் வழியிலேயே உடைந்திருக்கும். புதிய பலவீனத்தை நாம்தான் உண்டாக்குகிறோம், சிங்குக்கும் அடுப்புக்கும் ஓட்டை போடும்போது. ஓட்டைக்கு முன்னும் பின்னும் மிஞ்சுகிற இரண்டு மூன்று அங்குலப் பட்டைதான் முழு மேடையின் மெல்லிய இடம். நான் பார்த்த உடைப்புகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டையில், தூக்கும்போது நடந்தவை. அதனால் ஓட்டை போட்ட கல்லைப் படுக்கையாகத் தூக்கவே கூடாது, நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். அதைவிட நல்லது, கல்லை இடத்தில் வைத்துத் தாங்குதல் சரிபார்த்த பிறகு ஓட்டை வெட்டுவது. உங்கள் மேஸ்திரி எந்த முறையில் செய்கிறார் என்று கேளுங்கள். இரண்டுமே நடக்கிற முறைகள்தான், ஆனால் எப்படித் தூக்கப்போகிறார் என்பதற்கு அவரிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும்.

எடையை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். 18 மி.மீ. கல் ஒரு சதுர அடி சுமார் நாலரை கிலோ. 10 அடிக்கு 2 அடி பலகை என்றால் 90 கிலோ. குறைந்தது நாலு பேர் வேண்டும். லிஃப்டில் 10 அடிக் கல் போகாது, படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்புமா என்று முன்கூட்டியே ஒரு நீளமான குச்சியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பாது என்றால் கல்லை இரண்டு துண்டாக்கிச் சேர்க்க வேண்டும், இணைப்பு விழும், அதை எங்கே விழ வைப்பது என்பதை அப்போது நீங்கள் முடிவு செய்யலாம். சிங்க் மேலேயோ பக்கத்திலேயோ இணைப்பு வேண்டாம், எப்போதும் தண்ணீர் நிற்கும். இணைப்பு கண்ணுக்கே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகச் செய்தால் ஒரு முடிக்கோடு போலத் தெரியும், தெரியத்தான் செய்யும். கறுப்புக் கல்லில் குறைவாக, வெளிர் கல்லில் கொஞ்சம் கூடுதலாக.

நிறம் பற்றிய பயத்துக்கு ஒரு சின்ன வழி உண்டு. யார்டில் வெயிலில், தண்ணீர் தெளித்துப் பார்த்த கல் வீட்டு விளக்கில் வேறு மாதிரி இருக்கும். அது கல்லின் குற்றம் இல்லை. அதே பலகையின் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு நாள் உங்கள் சமையலறையில் காலையிலும் இரவிலும் பாருங்கள். அந்தத் துண்டில் சோதனையும் செய்துவிடலாம். சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். அந்த இடம் கருத்தால் கல் தண்ணீரை இழுக்கிறது, நுண்துளைகளை அடைக்கும் சீலர் அடிக்க வேண்டும். மஞ்சள் கலந்த எண்ணெயைத் தடவி, ஒரு பாதியை உடனே துடையுங்கள், இன்னொரு பாதியை மறுநாள் துடையுங்கள். மேலூர்ப் பக்கத்து வெளிர்க் கற்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆந்திராவின் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி போன்ற கற்களில் அநேகமாகத் தெரியாது. கறுப்புக் கல் என்றால் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், துணியில் கறுப்பு ஒட்டினால் சாயம் ஏற்றிய கல். எலுமிச்சை, புளி பட்டு பளபளப்பு போகுமோ என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பயம் மார்பிளுக்கு உரியது. மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல், புளிப்பு அதை அரிக்கும். நல்ல கிரானைட்டைச் சமையல் புளிப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையைப் போக்க ஆட்கள் ஆசிட் ஊற்றிக் கழுவ வருவார்கள், அதைத் தடுத்துவிடுங்கள். வெளிர்க் கல்லில் உள்ள இரும்புத் தாதுக்களில் ஆசிட் பட்டால் மஞ்சள் கறை கிளம்பும், அதை எடுப்பது பெரும் பாடு.

கிரானைட்டிலிருந்து கதிர்வீச்சு வரும் என்று உறவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கிரானைட்டில் மிகச் சிறிய அளவில் யுரேனியம் போன்றவை இருப்பதும், அதிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வருவதும் உண்மை. ஆனால் சமையல் மேடைக் கல்லால் வீட்டில் கதிர்வீச்சு வழக்கமான இயற்கை அளவைவிட உயர வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு. இந்தக் கவலையை விட்டுவிடலாம்.

விட்டுவிடக் கூடாத கவலை தூசி. இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. மாமாவுடன் வேலை செய்த ஒருவர் நுரையீரல் போய், நாலு படி ஏறவே நின்று நின்று மூச்சு வாங்கினார். உலர்ந்த கல்லை அறுத்தால் கிளம்பும் சிலிக்கா தூசி வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு சிலிகோசிஸ் என்ற நோயைத் தருகிறது. அந்த நோய்க்கு முழுக் குணம் கிடையாது. பிசின் கலந்து செய்யும் குவார்ட்ஸ் பலகைகளில் சிலிக்கா இன்னும் அதிகம். அந்தப் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடையே செய்துவிட்டது. கிரானைட்டில் அதைவிடக் குறைவுதான், ஆனாலும் ஆபத்து உண்டு. ஆகவே பெரிய வெட்டுகள் பட்டறையில் நடக்கட்டும். வீட்டில் வெட்டுவது என்றால் முடிந்தவரை வெளியே வைத்து வெட்டச் சொல்லுங்கள், ஓட்டையை இடத்தில் வைத்தே வெட்டினாலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டட்டும், முகக்கவசம் இல்லாமல் வந்தால் நீங்களே நாலு வாங்கிக் கொடுங்கள். ஒரு நாள் தூசியால் உங்கள் வீட்டாருக்கு சிலிகோசிஸ் வந்துவிடாது. தினமும் அதில் நிற்பவர்களுக்குத்தான் அது உயிர்ப் பிரச்சினை. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும்.

புதன்கிழமை நீங்கள் நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை, நிற்காமல் இருப்பதே நல்லது. அந்த பிளேடு சத்தம் எனக்கே சில நாள் பல்லைக் கூச வைக்கும். மூன்று சமயத்தில் மட்டும் இருங்கள். கல்லை இறக்கும்போது, இது நீங்கள் பார்த்த அதே பலகைதானா என்று கைபேசிப் படத்தோடு ஒப்பிட. ஓட்டைக்குக் கோடு போட்ட பிறகு, பிளேடு வைப்பதற்கு முன், உங்கள் செய்தித்தாளை விரித்துப் பார்க்க. கல்லை உலர்வாக வைத்துப் பார்க்கும்போது, ரசமட்டம் வைத்துக் காட்டச் சொல்ல. முன்விளிம்பின் அடியில் நீளமாக ஒரு மெல்லிய பள்ளம் போட்டிருக்கிறார்களா என்றும் அப்போது பாருங்கள். அது இல்லாவிட்டால் வழிகிற தண்ணீர் அடிப்பக்கமாக ஓடி கேபினெட்டில் இறங்கும். மற்ற நேரத்தில் பக்கத்து வீட்டில் உட்காருங்கள். வேலையாட்களிடம் பேசுவது ஒருவராக மட்டும் இருக்கட்டும். அம்மா ஒன்று, கணவர் ஒன்று, நீங்கள் ஒன்று சொன்னால் மேஸ்திரி யார் சொன்னதைக் கேட்பார்?

சுவருக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் பதற வேண்டாம். நம் பூச்சுச் சுவர்கள் மூலமட்டத்துக்குச் சரியாக நிற்பது அபூர்வம். அரை அங்குலம் வரையிலான இடைவெளியை மேடைக்கு மேலே சுவரில் ஒட்டும் டாடோ டைல்ஸ் மூடிவிடும், அதற்காகத்தான் கல் முதலில், டைல்ஸ் பிறகு. உடனே கிரைண்டரைத் தூக்கி வைக்காதீர்கள், மேடை மேல் ஏறி லாஃப்ட்டில் சாமான் எடுக்காதீர்கள். சிமெண்ட் படுகை என்றால் மூன்று நாளாவது விடுங்கள், சிலிகானுக்கு ஒரு நாள் போதும். அம்மி வைப்பதாக இருந்தால் அடியில் சுவர் நேராக வருகிற இடத்தில் வையுங்கள். தேங்காயை மேடை விளிம்பில் உடைக்கிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அதை மட்டும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் கல் தெரிந்தவன், மனம் பற்றிப் படித்தவன் இல்லை. மேலே சொன்னவை கல் சார்ந்த பயத்துக்குத்தான் உதவும். கல் வந்து நன்றாக அமைந்த பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, வேறு வேறு விஷயத்துக்கு இதே படபடப்பு மாறுகிறது என்றால் தயங்காமல் ஒரு மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் அடுப்பையும் கேபினெட்டையும் நேரில் பார்க்காமல் தாங்குதல் போதுமா என்று என்னால் சொல்ல முடியாது, அதை உங்கள் மேஸ்திரிதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று. புதன்கிழமை மாலை எல்லோரும் போன பிறகு விளக்கைப் போட்டுப் பார்ப்பீர்கள். கல்லில் அங்கங்கே கருத்த திட்டுகள் தெரியலாம், வெளிர்க் கல்லில் நிச்சயம் கண்ணில் படும். அடியில் போட்ட கலவையின் ஈரம் மேலே ஏறியிருக்கிறது. அதைக் கறை என்று நினைத்து இரவில் ஃபோன் செய்தவர்கள் பலர். எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள், சீலரும் அன்றைக்கு அடிக்க வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். திட்டு அப்போதும் அப்படியே இருந்தால் இரண்டு படத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.